பாலாடையும் உப்புத் தண்ணீரும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். முந்தாநாள்தான் போனில் பேசினோம், நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். "ஒன்னுமில்லப்பா, லேசா தடிமன்" என்றாய். லேசான தடிமனா அது? நீ "அம்மா" என்று கூப்பிட்டது எங்கள் காதில் "அப்பா" என்றுதான் விழுந்தது. மூக்கு அவ்வளவு அடைத்திருக்கிறது. "என்னைக் கூப்பிட்டாலும் உங்க பேர்தான் வருது பாருங்க" என்று உன் அம்மா அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அது போகட்டும். போனை வைக்கிற நேரத்தில் ஒன்று சொன்னாயே: "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதாம்பா, குழாய்த் தண்ணில உப்பைப் போட்டு மூக்கைக் கழுவிக்கிட்டுத்தான் படுக்கிறேன்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திரும்பவும் போன் எடுத்துச் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. நம்ம தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு இறங்குகிறான். அவனிடம் ஒரு பொட்டலமும் இதுவும் கொடுத்துவிடுகிறேன்.

மற்றதையெல்லாம் ஆறுதலாகப் படி. இதை மட்டும் இப்போதே மனதில் வை: குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடாதே. நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அதைத்தான் விட வேண்டும். உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், தப்பாகக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறையில் இருபத்தாறு வருடம் நின்றவன். தேயிலையில் தூளை விட மோசம் அந்தப் பஞ்சு. கண்ணுக்குத் தெரியாத மயிர் மாதிரி பறக்கும். மத்தியானத்துக்குள் புருவம், காது, மூக்கு எல்லாம் பழுப்பாகிவிடும். வாயில் துணி கட்டச் சொல்வார்கள். கட்டினால் மூச்சு முட்டும், அவிழ்த்தால் பஞ்சு. எங்களோடு ஒரு கிழவர் இருந்தார். வேலை முடிந்ததும் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய், ஒரு சிரட்டையில் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, ஒரு மூக்கால் உறிஞ்சி மறு மூக்கால் விடுவார். கறுப்பாக வரும். மூன்றாம் தடவை தெளிவாக வரும். "சட்டையத் துவைக்கிறோம், மூக்கத் துவைக்க வேணாமா?" என்பார். அவரைப் பார்த்து நானும் தொடங்கினேன்.

சிரட்டை எனக்குச் சரிவரவில்லை, பாதித் தண்ணீர் சட்டைக்குள் போனது. அப்போதுதான் வீட்டில் சும்மா கிடந்த பாலாடை கண்ணில் பட்டது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டியது, ஒரு பக்கம் மூக்கு நீண்ட அந்தப் பித்தளைப் பாலாடை. மூக்குக்குத் தண்ணீர் விட அதைப் போல அமைந்த பாத்திரம் வேறு கிடையாது. யோகா செய்கிறவர்கள் 'நேத்தி' என்று ஒரு குவளை வைத்திருக்கிறார்களே, பட்டணத்துக் கடைகளில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, அதுவும் ஏறக்குறைய இதே உருவம்தான். உன் அம்மாவுக்குத் தெரியாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். தெரிந்த அன்றைக்கு நடந்ததை நீயே கற்பனை செய்துகொள். "பிள்ளைக்குப் பால் குடுத்த சாமானத்துலயா?" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

உனக்கு நான் அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்து ஓ/எல் பரீட்சைக்கு முன்னால், தை மாதம் கழிந்து பனி விட்டபாடில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாம் ஐந்து பேர். ஒருவர் தும்மினால் போதும், நாலாம் நாள் எல்லோரும் தும்முவோம், அடுத்த கிழமை பக்கத்துக் காம்பராவில் கேட்கும். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட முடியாமல் அழுதாய். பீலித் தண்ணீரைப் பிடித்து, உப்புப் போட்டு, பாலாடையால் விட்டேன். அலறினாய். ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாய். அதற்குப் பிறகு நீயே செய்யத் தொடங்கினாய். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

போன வருடம் உன் தங்கச்சி லீவில் வந்திருந்தாள். கண்டியில் தாதியர் படிப்பு தொடங்கிய பிறகு அவள் பார்வையே மாறிவிட்டது. நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பீலித் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதைப் பார்த்தவள் பாலாடையைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். தண்ணீரில், குறிப்பாகச் சூடான தண்ணீரில், ஓர் அமீபா இருக்கலாமாம். நெக்லேரியா என்று பெயர். கேரளாவில் 2024இல் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் இறந்தார்கள் என்று செய்தியில் கேட்டோமே, மூளையைத் தின்னும் அமீபா என்று, அதேதான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேல்பகுதிக்குப் போனால் அங்கேயிருக்கிற மணம் அறியும் நரம்பு வழியாக மூளைக்கே ஏறிவிடும். மிக மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பதும் அதே அளவு அபூர்வம். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011இல் இரண்டு பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். குளத்தில் குளித்தவர்கள் அல்ல, வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் நான் அதைச் செய்தேன், உன்னையும் செய்ய வைத்தேன். நம்ம பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அந்த அமீபாவுக்குக் குளிர் பிடிக்காது. ஒருவேளை அதனால் தப்பியிருக்கலாம். நீ இருப்பது கொழும்பில். நீ தங்கியிருக்கிற போடிங்கின் கூரையில் கறுப்புத் தொட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மத்தியானம் குழாயைத் திறந்தால் தேத்தண்ணிக்கு ஆகிற மாதிரிச் சூடாக வருகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி கொதிக்க வைத்துவிடு என்கிறேன்.

எவ்வளவு நேரம்? கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடம். ஒரு நிமிடம் போதும் என்றும், மேடான ஊர்களில் மூன்று நிமிடம் என்றும் சொல்கிறார்களாம். உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். நம்ம வீட்டில் பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்று அம்மா அடுப்பைத் திட்டுவாளே, காரணம் அதுதான். நீ கடல் மட்டத்தில் இருக்கிறாய், இருந்தாலும் ஐந்து நிமிடம் வை. காஸ் செலவைப் பார்க்காதே. கொதித்த தண்ணீரை மூடி போட்ட சுத்தமான போத்தலில் வைத்தால் ஒரு நாள் வரை பாவிக்கலாம். அடுத்த நாள் மிஞ்சியதைச் செடிக்கு ஊற்று.

சரி, தண்ணீர் முடிந்தது. இனி அந்த மாத்திரை.

முதல் நாளே பக்கத்து பாமசியில் போய் அமொக்சிசிலின் என்கிற அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கினேன் என்றாயே. கடைக்காரர் டொக்டர் துண்டு கேட்காமல் கொடுத்துவிட்டார், அது அவர் தப்பு. கேட்டது உன் தப்பு. தடிமன் வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கு. தேயிலைச் செடிக்கு அட்டை பிடித்தால் மருந்தடிப்போமா? அட்டை இருக்கிறது நம்ம காலில். அது மாதிரி. மருந்து போய்ச் சேர வேண்டிய ஆள் அங்கே இல்லை. பிறகு உண்மையிலேயே நெஞ்சில் நோய் வந்து அந்த மாத்திரை தேவைப்படுகிற அன்று அது வேலை செய்யாமல் போனால் யாரைக் குறை சொல்வது?

மாத்திரையை விட உப்புத் தண்ணீர் மேல் என்று நான் சொல்வதைக் கிழவன் பேச்சு என்று நினைக்காதே. தங்கச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறேன், அவள் போனில் வாசித்துக் காட்டினாள், நான் கணக்குக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஸ்கொட்லாந்தில் எடின்பரோவில், தடிமன் பிடித்து இரண்டு நாளைக்குள் இருந்த பெரியவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை வீட்டிலேயே உப்புத் தண்ணீர் தயாரித்து மூக்கைக் கழுவி, தொண்டையும் கொப்புளிக்கச் சொன்னார்கள். 2019இல் முடிவு வந்தது. கழுவியவர்களுக்குச் சராசரியாக 1.9 நாள் முன்னதாகவே குணமானது. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியதும் 35 சதவீதம் குறைவு. சின்ன ஆய்வு, கடைசி வரை நின்றவர்கள் அறுபத்தொரு பேர்தான். அதனால் அதைக் கல்வெட்டு என்று எடுத்துக்கொள்ளாதே என்று தங்கச்சி எச்சரித்தாள். இவள் எதைச் சொன்னாலும் கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்.

பெரிய ஆய்வும் இருக்கிறது. இங்கிலாந்தில் 13,799 பெரியவர்கள், 2024இல் வெளிவந்தது. அதில் கழுவவில்லை, மூக்குக்குள் அடிக்கிற ஸ்ப்ரே. ஏற்கெனவே ஏதாவது நோய் உள்ளவர்கள் அல்லது அடிக்கடி தடிமன் பிடிக்கிறவர்களைச் சேர்த்தார்கள். நோய் வரும்போல் இருந்த உடனே அடிக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் சும்மா இருந்தவர்கள் சராசரியாக 8.2 நாள் சுகவீனமாக இருந்தார்கள், உப்புநீர் ஸ்ப்ரே அடித்தவர்கள் 6.4 நாள். அன்டிபயோட்டிக் எடுத்ததும் குறைந்தது. ஒன்றே முக்கால் நாள், அவ்வளவுதான். பெரிய மாயமில்லை. மூக்கு இருக்கும்வரை சளியும் இருக்கும் என்று அப்பாயி சொல்வாள். ஆனால் ஒரு நாள் சம்பளத்தின் விலை தெரிந்தவர்களுக்கு ஒன்றே முக்கால் நாள் சின்ன விஷயமா?

எனக்குப் பிடித்தது வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியது குறைந்த அந்த முப்பத்தைந்து சதவீதம்தான். நீ மூன்று பிள்ளைகளோடு ஓர் அறையில் இருக்கிறாய். நம்ம காம்பராவில் நடந்தது அங்கேயும் நடக்கும்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். தூசி கழுவுவதும் வைரஸைக் கழுவுவதும் ஒன்றா என்பது என் சந்தேகம். பஞ்சு கறுப்பாக வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன், வைரஸை யார் பார்த்தது? தங்கச்சி சொன்னது இது. மூக்குக்குள்ளே மிகச் சின்ன மயிர்கள் இருக்கின்றன, அவை ஓயாமல் அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்டோரில் தூளைக் கொண்டுபோகிற பெல்ட் மாதிரி. சளி தடித்து ஒட்டிவிட்டால் பெல்ட் இழுக்காது, உப்புநீர் அதை இளக்கிவிடுகிறது. அப்புறம் இன்னொன்று சொன்னாள், அதுதான் எனக்கு ஆச்சரியம்: உப்பில் இருக்கிற குளோரைட்டை எடுத்து நம்ம செல்களே ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்துகொள்கின்றனவாம், அது வைரஸைத் தடுக்கிறதாம். ஸ்டோரில் தரை கழுவ பிளீச்சிங் பவுடர் கரைப்போமே, அதில் வேலை செய்கிறதும் அதே அமிலம்தான். ஆய்வுகூடத்தில் செல்களை வைத்துப் பார்த்தது, நம்ம மூக்கில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. அதற்காகப் பிளீச்சிங் பவுடரை மூக்கில் விடாதே என்று தங்கச்சி என்னிடம் தனியாகச் சொன்னாள். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ.

செய்கிற விதம். பொட்டலத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதில் அயடீன் கலக்காத உப்பு மூன்று பங்கும் அப்பச் சோடா ஒரு பங்கும் கலந்து வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற அயடீன் உப்பு சிலருக்கு எரிகிறதாம், நீ அன்றைக்கு அலறினது அதனாலும் இருக்கலாம், என் கை அளவு தெரியாமல் போட்டதாலும் இருக்கலாம். இதில் அரைத் தேக்கரண்டி ஒரு பெரிய கோப்பைத் தண்ணீருக்கு (240 மில்லிலீற்றர்), தலை தட்டி. உடம்பின் உப்புக்கு ஏறக்குறைய சமமாக வரும், எரியாது. மூக்கு நன்றாக அடைத்திருந்தால் ஒரு தேக்கரண்டி வரை போடலாம், கொஞ்சம் கடுக்கும். வெறும் தண்ணீர்தான் உண்மையில் எரிச்சல், அதனால் உப்பு இல்லாமல் செய்யாதே. இதெல்லாம் தொல்லை என்றால் பாமசியில் சேலைன் போத்தல் கிடைக்கும், அது ஏற்கெனவே சுத்தமானது.

தண்ணீர் உள்ளங்கைக்கு இளஞ்சூடாக இருக்க வேண்டும். தொட்டிமேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விடு. மேலே இருக்கிற மூக்கில் மெதுவாக ஊற்றினால் கீழே இருக்கிற மூக்கு வழியாக வரும். கிழவர் மாதிரி உறிஞ்சாதே, அது காதுக்கு ஏறும். தொண்டைக்கு வந்தால் துப்பிவிடு. முடிந்த பிறகு ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்து. இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் காது அடைக்கும். கொஞ்ச நேரம் குனிந்து நில், ஒளிந்திருக்கிற தண்ணீர் அப்போதுதான் வரும். பஸ்ஸில் ஏறி யார் மடியிலோ ஊற்றி நான் பட்ட வெட்கம் உனக்கு வேண்டாம். காலையும் மாலையும் செய்தால் போதும், படுக்கப் போகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.

ஒன்று மறந்துவிடாதே. மூக்கிலிருந்து வருவது வைரஸ் தண்ணீர். மற்றப் பிள்ளைகள் பல் விளக்குகிற தொட்டியில் செய்துவிட்டு அப்படியே வராதே, சவர்க்காரம் போட்டுக் கழுவு, கையையும் கழுவு. போத்தலை யாருக்கும் இரவல் கொடுக்காதே, எவ்வளவு சிநேகிதியாக இருந்தாலும். ஒவ்வொரு தடவையும் கொதித்த தண்ணீரால் அலசி, திறந்து வைத்துக் காய விடு.

காது வலித்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, தண்ணீர் போகவே மாட்டேன் என்று அடைத்திருந்தாலோ நிறுத்திவிடு, பலவந்தப்படுத்தாதே. காய்ச்சல் இருந்தால் இது வேறு கணக்கு. கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் எது? இரண்டு நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றால் இரத்தம் சோதித்துப் பார். அதற்கு முன் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை எதையும் வாயில் வைக்காதே. மூச்சு வாங்கினாலோ, குணமாகி வந்து திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ டொக்டரிடம் போ. லீவு கிடைக்காது என்று சொல்லாதே.

அம்மா கொத்தமல்லியும் இஞ்சியும் கட்டியிருக்கிறாள். அவித்துக் குடி, தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆவி பிடிக்கச் சொல்கிறாள், பிடிக்கலாம், ஆனால் கொதிக்கிற சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிடிக்காதே, போன மாதம் கீழ் லயத்தில் ஒரு பிள்ளை கால் வெந்துபோய்க் கிடந்தது. மாசிச் சம்பல் மேலே இருக்கிறது, உப்பு டப்பா அடியில். இரண்டையும் மாற்றிவிடாதே.

பாலாடையை அனுப்பலாமா என்று கேட்டேன். "அதை நான் பேரப்பிள்ளைக்கு வச்சிருக்கேன்" என்று புளி போட்டுத் தேய்த்து அலுமாரியில் பூட்டிவிட்டாள். அதனால் பிளாஸ்டிக் போத்தல்தான் வைத்திருக்கிறேன், பிதுக்குகிற மாதிரி, புதியது. அவள் சொன்ன அந்த இன்னொரு விஷயத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், நான் ஒன்றும் கேட்கவில்லை.

பையன் உன் போடிங் வாசலுக்கு வருவது ஞாயிறு மாலை நாலு மணி அளவில். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடு. தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு என்று அடுத்த தடவை போன் எடுக்கும்போது சொல், மூக்கு திறந்திருந்தால் முதலில் அம்மாவைக் கூப்பிடு.

அன்புடன்
அப்பா